உடம்பு காணாது என்று கழித்துவிட்ட பெடியனுக்கு மோட்ரிச்சிடம் என்ன இருக்கிறது?

அரியாலை மாமா எழுதியது:

வணக்கம். என் மருமகனுக்காகக் கேட்கிறேன். அக்காவின் மகன், வயது 15, நடுக்களத்தில் விளையாடுகிறான். காலில் பந்து இருந்தால் பறிப்பது கஷ்டம். ஊர்க் கழகத்தில் பெரிய ஆட்கள் பின்னேரப் பயிற்சி எடுக்கும்போது ஆள் குறைந்தால் இவனையும் இறக்குவார்கள், அங்கேயும் சமாளித்து விளையாடுகிறான். ஆனால் ஆள் சின்னன், தோள் இன்னும் விரியவில்லை. இந்த முறை பாடசாலை அணிக்கு ஆள் எடுத்தபோது "விளையாட்டு நல்லம், உடம்பு காணாது, அடுத்த வருசம் வா பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனை விட ஒரு முழம் உயர்ந்த பெடியன்கள் இரண்டு பேரை நடுவில் போட்டிருக்கிறார்கள், அவர்கள் பந்தை உயர்த்தி முன்னுக்கு அடிப்பதுதான் வேலை.

அன்றிலிருந்து பெடியன் ஒழுங்காகக் கதைப்பதில்லை. போனில் குரோசிய நடுக்கள வீரர் லூகா மோட்ரிச்சின் வீடியோக்களையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். "மாமா, அவரும் என்னைப் போலத்தான், நாற்பது வயசிலயும் மிலானில விளையாடினவர்" என்கிறான். எனக்கு 2018 உலகக் கிண்ணத்தில் அவரைப் பார்த்தது ஞாபகம், அதற்கு முந்திய கதை அவ்வளவாகத் தெரியாது.

விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரையும் உடம்பைச் சொல்லி ஒதுக்கினார்கள் என்பது உண்மையா? 16 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையில் அவர் என்ன செய்தார்? வீடியோக்களில் எல்லாம் அகதி விடுதி, அடுத்த காட்சி ரியல் மட்ரிட் என்று போய்விடுகிறது, நடுவில் உள்ளதை ஒருவரும் சொல்வதில்லை. அக்கா வேறு ஓ.எல். பரீட்சை வருகிறது, பந்தை விடு என்று நிற்கிறார். பெடியனுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

—

துரையப்பா அரங்கு ரசிகன் எழுதியது:

தம்பி, ஒதுக்கியது உண்மை. குரோசியாவில் கடலோரப் பெடியன்கள் எல்லோருக்கும் கனவு ஹைடுக் ஸ்பிளிட் கழகம்தான். மோட்ரிச் ஸாடர் நகரத்துப் பெடியன், அவர் குடும்பமும் ஹைடுக் பக்கம். அங்கே கொண்டுபோய்க் காட்டினார்கள், ஆள் மெலிவு, சின்னன் என்று எடுக்கவில்லை. இப்போதும் அவர் உயரம் 172 சென்ரிமீற்றர்தான்.

ஆனால் அந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். தொமிஸ்லாவ் பாஷிச். ஸாடர் கழகத்தின் இளையோர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஹைடுக் வேண்டாம் என்றபிறகும் இவர் பெடியனை விடவில்லை. தன் விளையாட்டுத் தந்தை என்று மோட்ரிச் பின்னாளில் இவரைத்தான் சொன்னார். 16 வயதில் டினாமோ ஸாக்ரெப் கழகத்துக்குப் போனதற்குப் பின்னாலும் பாஷிச் இருக்கிறார். டினாமோ என்றால் ஹைடுக்கின் பரம எதிரி, அங்கே போவது அந்த ஊருக்குச் சின்ன விசயம் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, அதுதான் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். டினாமோ எடுத்த உடனே முதல் அணியில் போடவில்லை. 2003இல் 18 வயதில் பொஸ்னியாவுக்கு, மொஸ்தார் நகரத்து ஸ்ரின்ஸ்கி கழகத்துக்குக் கடனாக, அதாவது கொஞ்சக் காலம் அங்கே விளையாடிவிட்டுத் திரும்பி வர, அனுப்பினார்கள். போர் முடிந்து கொஞ்சக் காலம்தான், நகரமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மைதானங்கள் மோசம், ஆட்டம் முரடு, எதிரணிப் பின்கள வீரர்கள் காலைப் பார்த்தே வருவார்கள். அங்கே ஒரு முழுப் பருவம் விளையாடி அந்த லீக்கின் சிறந்த வீரர் என்ற பெயர் எடுத்தார். பொஸ்னிய லீக்கில் விளையாடக்கூடியவன் எங்கேயும் விளையாடுவான் என்று பின்னர் சொன்னவரும் அவர்தான்.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடமும் டினாமோவில் இடமில்லை, இன்ரர் ஸப்ரெஷிச் என்ற ஒரு சின்னக் கழகத்துக்குக் கடன். அந்தச் சின்னக் கழகம் 2004-05 பருவத்தில் லீக்கில் இரண்டாம் இடத்துக்கு வந்தது! 2005இல்தான் டினாமோ திரும்பக் கூப்பிட்டுப் பத்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. அந்தக் காசில் ஸாடரில் பெற்றோருக்கு வீடு வாங்கிக் கொடுத்தார். பிறகு டினாமோவோடு தொடர்ந்து மூன்று முறை லீக் சம்பியன், 2006 மார்ச்சில் பாசல் நகரில் ஆர்ஜென்ரினாவுக்கு எதிராக தேசிய அணியில் முதல் ஆட்டம், அதில் 3-2 என்று வெற்றி. 2008இல் டொட்டன்ஹாம்.

ஆகவே உங்கள் மருமகனிடம் இதைச் சொல்லுங்கள்: பாதை நேராகப் போகவில்லை. பெரிய கழகத்தில் பெயர் இருந்தும் இரண்டு வருடம் அந்நிய ஊர்களில் பெரிய ஆட்களோடு மோதி விளையாடினார். உங்கள் பெடியன் ஊர்க் கழகத்துப் பெரிய ஆட்களோடு பின்னேரம் விளையாடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதை நிறுத்த விடாதீர்கள். பாடசாலை அணியில் கிடைப்பதை விட அதில் கிடைப்பது அதிகம்.

—

எட்டாம் இலக்கம் எழுதியது:

மேலே அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மோட்ரிச்சைப் பற்றிக் கதைப்பவர்கள் எல்லோரும் அவர் பட்ட கஷ்டத்தையே கதைக்கிறார்கள், அவர் மைதானத்தில் செய்வதைக் கதைப்பதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

சின்ன உடம்புக்காரன் நடுக்களத்தில் எப்படித் தப்பிக்கிறான்? மோதலுக்குப் போனால் தோற்பான். மோதல் வருவதற்கு முன்னமே பந்தும் அவனும் அங்கிருந்து போயிருக்க வேண்டும். மோட்ரிச்சைப் பாருங்கள், பந்து அவரிடம் வருவதற்கு முன் இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலால் ஒரு பார்வை. பந்து வரும்போது உடம்பு பாதி திரும்பியே இருக்கும், முழுதாக முதுகைக் காட்டி வாங்க மாட்டார். முதல் தொடுகையிலேயே எதிராளி ஓடிவரும் திசைக்கு மற்றப் பக்கம் போய்விடுவார். நடுக்கள வீரர்கள் பந்து வாங்குமுன் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று வீடியோவில் எண்ணி ஆராய்ந்தவர் நோர்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட். கூடுதலாகப் பார்ப்பவர்களின் பந்துப் பரிமாற்றம் கூடுதலாகச் சரியாகப் போகிறது என்பது அவருடைய முடிவு. இது உயரத்தோடு சம்பந்தமில்லாத விசயம், பழக்கத்தால் வருவது.

அப்புறம் அந்த வலது காலின் வெளிப்பக்கம். 2022 ஏப்ரலில் செல்சிக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் காலிறுதி, மட்ரிட் தன் சொந்த மைதானத்தில் 0-3 பின்னால் நிற்கிறது, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் வெளியே போகும் நிலை, 80ஆவது நிமிடம். இடது பக்கம் நின்று வலது காலின் வெளிப்பக்கத்தால் பின்களத்துக்குப் பின்னால் வளைத்துப் போட்டார், ரொட்ரிகோ நிலத்தில் விழ விடாமல் அடித்தார், கோல். மேலதிக நேரத்தில் பென்சிமா மற்றதைப் போட்டு மட்ரிட் அரையிறுதிக்குப் போனது. பார்க்க அழகாக இருக்கிறது என்று எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆனால் அழகுக்காக அடித்த அடி இல்லை அது. இடது காலுக்கு மாற்றவோ உடம்பைத் திருப்பவோ ஒரு கணம் தேவை, அந்தக் கணத்தில் பெரிய உடம்புக்காரன் வந்து சேர்ந்துவிடுவான். வெளிப்பக்கத்தால் அடித்தால் அந்தக் கணம் மிச்சம்.

அதற்கு முந்திய சுற்றில் பரிஸ் அணிக்கு எதிராக அவர் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். வயது 36, ஆட்டத்தின் கடைசிப் பகுதி, தன் கோலுக்குக் கிட்ட பந்தைப் பறித்து, அங்கிருந்தே ஓடி, வினீசியசுக்குக் கொடுத்து, தானே போய்த் திரும்ப வாங்கி, பென்சிமாவுக்கு வைத்தார், கோல். உடம்பு காணாத ஆள் செய்கிற வேலையா இது? பலம் என்று நாங்கள் தோளையும் உயரத்தையும் பார்க்கிறோம். அவருடைய பலம் முழுக்க ஓட்டத்திலும் இடுப்பிலும் சமநிலையிலும் இருக்கிறது.

டொட்டன்ஹாமுக்குப் போன புதிதில் இங்கிலாந்தில் இவர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றுதான் பேச்சு. தொடக்கத்தில் இடது பக்கமும் அங்குமிங்குமாகப் போட்டார்கள். 2009 ஓகஸ்டில் பேர்மிங்ஹாமுக்கு எதிராகக் கால் எலும்பு முறிந்து சில மாதம் வெளியே. பயிற்றுவிப்பாளர் ஹரி ரெட்நப் இவரை நடுவில் நிரந்தரமாக வைத்த பிறகுதான் அந்த அணியே வேறு மாதிரி ஆனது. மட்ரிட்டில் 2012இல் கால் வைத்த அதே வருட முடிவில் ஸ்பெயினின் மார்கா பத்திரிகையின் வாசகர்கள் இவரை அந்தப் பருவத்தின் மிக மோசமான கொள்வனவு என்று தெரிவு செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மன்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்டில் மாற்று வீரராக இறங்கி, தூரத்திலிருந்து தூணில் பட்டு உள்ளே போன அந்தக் கோல். 2014 லிஸ்பன் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மேலதிக நிமிடங்களில் ராமோஸ் தலையால் முட்டிக் கோலாக்கிய பந்து இவர் அடித்த மூலை உதை. மட்ரிட்டில் 13 பருவம் இருந்து, ஆறு சம்பியன்ஸ் லீக் உட்பட 28 கிண்ணங்களோடு 2025இல் வெளியேறினார், அந்தக் கழகத்தின் வரலாற்றில் வேறு எவருக்கும் அவ்வளவு கிண்ணம் இல்லை.

ஒன்று மட்டும். அவருக்குப் பின்னால் கசெமிரோ நின்றார், பக்கத்தில் குரூஸ் நின்றார். சின்ன ஆளை நடுவில் வைக்க விரும்பும் பயிற்றுவிப்பாளர் அவனுக்குப் பக்கத்தில் யாரை வைப்பது என்று யோசிக்க வேண்டும். எங்கள் பக்கம் அந்த யோசனை குறைவு. பந்து துள்ளும் நிலம், காற்று, உயர்த்தி அடி என்று போய்விடுகிறோம். குருநகரிலும் நாவாந்துறையிலும் பாசையூரிலும் காலில் பந்து ஒட்டிக்கொள்கிற பெடியன்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள், அவர்களை நடுவில் வைக்கத் துணிகிற ஆட்கள்தான் வேண்டும்.

—

கொழும்புத்துறைக் காரன் எழுதியது:

எட்டாம் இலக்கம், உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனாலும் அந்தக் கஷ்டத்தை முற்றாக விட்டுவிட்டு அவரைக் கதைக்க என்னால் முடியவில்லை, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எப்படி முடியும்?

வெலெபித் மலையடிவாரத்தில் ஒரு குக்கிராமம், கூட இருந்து வளர்த்த தாத்தாவின் பெயரும் லூகா. 1991 டிசம்பரில் அந்தத் தாத்தாவைக் கொன்றார்கள், வீட்டை எரித்தார்கள். பெடியனுக்கு ஆறு வயது. குடும்பம் ஸாடருக்கு ஓடிப்போய் விடுதிகளில் அகதிகளாக இருந்தது, முதலில் கொலொவாரே, பிறகு இஷ், வருடக்கணக்காக. தகப்பன் இராணுவத்தில், தாய் தையல் வேலை. நகரத்தின் மேல் ஷெல் விழுந்துகொண்டிருக்க விடுதியின் வாகனத் தரிப்பிடத்தில் பந்து அடித்தார். அவருடைய ஊர்ப் பக்கம் போர் ஓய்ந்தது 1995 ஓகஸ்டில். அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி நாங்கள் வலிகாமத்தை விட்டு நடந்தோம். நாவற்குழிப் பாலத்தில் அன்று நின்றவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. தென்மராட்சியில் பாடசாலை வகுப்பறைகளில் படுத்துக் கிடந்த அந்த நாட்களிலும் பின்னேரமானால் பெடியன்கள் எங்கிருந்தோ ஒரு பந்தோடு வருவார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நல்ல விளையாட்டுக்காரர், பிறகு எங்கே போனார்கள், இருக்கிறார்களா என்றே தெரியாது.

அதனால் போர்தான் அவரை உருவாக்கியது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. போர் ஒருவரையும் உருவாக்காது. ஷெல் விழுந்த காலத்திலும் ஸாடரில் ஒரு கழகம் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியை நிறுத்தவில்லை, பாஷிச் போன்ற ஆட்கள் இருந்தார்கள். உருவாக்கியது அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அவரை நேசிக்கிறவன் என்பதால் சொல்கிறேன். டினாமோவின் முன்னாள் நிர்வாகி ஒருவரின் பண மோசடி வழக்கில் 2017இல் சாட்சி சொன்னபோது குரோசிய மக்கள் அவர் மேல் கடும் ஆத்திரப்பட்டார்கள். பொய்ச்சாட்சி என்று 2018 மார்ச்சில் அவர் மேல் குற்றச்சாட்டு வந்து, அந்த வருடம் முடியுமுன் அது தள்ளுபடியானது. அந்தச் சுமையோடுதான் 2018 ஜூனில் தலைவராக ரஷ்யாவுக்குப் போனார். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள், குறை சொல்ல முடியாத தெய்வமாக ஆக்க வேண்டாம்.

அந்த உலகக் கிண்ணத்தில் டென்மார்க் ஆட்டம். மேலதிக நேரம் முடியச் சில நிமிடம், பெனால்டி, மோட்ரிச் அடிக்கிறார், கோல் காப்பாளர் பிடித்துவிட்டார். 2008 ஐரோப்பியக் கிண்ணத்தில் துருக்கியிடம் பெனால்டியில் தோற்றபோதும் தவற விட்டவர்களில் இவர் ஒருவர், அது பத்து வருடமாக மனதில் கிடந்திருக்கும். சில நிமிடம் கழித்து பெனால்டி மோதல், மூன்றாவது ஆளாகத் திரும்ப வந்து நின்று அடித்து உள்ளே போட்டார். அந்த நடையை உங்கள் மருமகனுக்குக் காட்டுங்கள். பிறகு ரஷ்யா, இங்கிலாந்து, தொடர்ந்து மூன்று ஆட்டம் மேலதிக நேரம், நாலு மில்லியன் சனம் உள்ள நாடு இறுதியாட்டத்தில் நின்றது. பிரான்சிடம் 4-2 என்று தோற்றாலும் தொடரின் சிறந்த வீரர் இவர். அந்த வருட முடிவில் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி ஓர் விருது, மெஸ்சியும் ரொனால்டோவும் பத்து வருடமாகத் தங்களுக்குள் மாற்றி மாற்றி எடுத்தது.

—

அரியாலை மாமா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மொஸ்தார், ஸப்ரெஷிச் கதையை நேற்றிரவு சாப்பாட்டு நேரம் சொன்னேன், பெடியன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். 18 வயதிலும் கடனாகத்தான் அனுப்பினார்களா என்று இரண்டு தரம் கேட்டான். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது செய்ய வேண்டியது என்ன? உடம்பு வைக்க மா, மாத்திரை என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார், வாங்கலாமா? ஓ.எல். முடியும் வரை எவ்வளவு நேரம் விளையாட விடுவது?

—

வலிகாமம் வடக்கு அக்கா எழுதியது:

அண்ணா, அந்த மாவை வாங்காதீர்கள். 15 வயதுப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு போதும், முட்டை, மீன், பயறு, பால், ஒழுங்கான நித்திரை. உயரம் அதன் பாட்டில் வரும், சிலருக்கு 17, 18 வரை வந்துகொண்டிருக்கும். நான் பாடசாலைக் காலத்தில் நடுக்களத்தில் விளையாடியவள், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பந்து சொல்லிக் கொடுக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரே வயதில் ஒரு பிள்ளை வளர்ந்து முடிந்திருக்கும், மற்றப் பிள்ளை இன்னும் தொடங்கியே இருக்காது. இங்கிலாந்தில் பெரிய கழகங்களின் இளையோர் பிரிவுகளில் வயதை விட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பிரித்து ஆட்டங்கள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள், சின்ன உடம்புக்குள் இருக்கும் திறமை அப்போதுதான் தெரிகிறது. இங்கே அப்படி ஒழுங்கு இல்லை, அதனால் நாங்கள்தான் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். "அடுத்த வருசம் வா" என்று சொன்ன பயிற்றுவிப்பாளரிடம் மரியாதையாகப் போய், சேர், எதைத் திருத்தினால் எடுப்பீர்கள் என்று பெடியனையே கேட்க விடுங்கள். நீங்கள் கேட்கக் கூடாது, அவன்தான் கேட்க வேண்டும். கேட்கிற பிள்ளையை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

பரீட்சை வரைக்கும் பெரிய மைதானம் தேவையில்லை. ஐந்து பேர் ஐந்து பேராகச் சின்ன இடத்தில் விளையாடட்டும், அரை மணித்தியாலம் காணும், மோட்ரிச்சுக்கும் முதல் மைதானம் வாகனத் தரிப்பிடம்தானே. இடம் குறைந்தால் பந்து காலில் படும் தடவை கூடும், யோசிக்கும் நேரம் குறையும். தனியாக இருந்தால் மதிலில் பந்தை அடித்து அது திரும்பி வருமுன் இரண்டு தோளுக்கு மேலாலும் பார்த்துவிட்டு மற்றக் காலால் வாங்கப் பழகட்டும். அக்காவிடம் நேரத்தைச் சொல்லி ஒப்புக்கொண்டு, அந்த நேரத்துக்கு அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் சண்டை வராது.

வீடியோ பார்ப்பதை மறிக்க வேண்டாம், ஆனால் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம். முழு ஆட்டம் ஒன்று தேடி, 2022 பரிஸ் ஆட்டமே நல்லது, மோட்ரிச்சிடம் பந்து வரப்போகும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, இப்போது நீ என்றால் எங்கே கொடுப்பாய் என்று கேளுங்கள். அவன் சொன்ன பிறகு ஓட விட்டுப் பாருங்கள்.